படகு 2, பாலம் 0

பாசலில் அறை எடுக்கவில்லை.
எட்டாம் நம்பர் டிராமில் ஏறினால்
இருபது நிமிடத்தில் ஜெர்மனி.
அங்கே கபாப் கடைக்கு மேலே
பாதி விலைக்கு ஒரு கட்டில்,
ஒன்றரை ஆள் அகலம்.
தூங்க ஒரு நாடு, சுற்ற ஒரு நாடு
என்று நான் சிரித்தேன்.
தணிகாசலம் சிரிக்கவில்லை.
டிராம் டிக்கெட்டை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மின்வாரியத்தில் முப்பது வருடம்
வீடு வீடாக மீட்டர் பார்த்தவர்.
எந்தச் சுவரிலும் எண்ணைத் தேடும் கண்.
இங்கே எல்லாச் சுவரிலும் எண் இருந்தது.
காபி ஐந்தரை. கழிப்பறை இரண்டு.
ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கியபடி
உதடு மட்டும் அசைய நடந்தார்.
எதிரே வந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

"பெருக்காதீங்க."
"பெருக்கினாத்தான் புரியுது."

பாரிஸில் நான் கோபுரத்தைப் பார்த்தேன்,
அவர் அதன் அடியில் விற்ற தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.
நாற்பதாயிரம் தள்ளி எடுத்த
ஏலச்சீட்டுப் பணம் இது.
தள்ளியதும் நான்தான்.

இந்த ஊரில் தெருமுனைத் தொட்டிகளில்
சேவல் அலகும் பாம்பு வாலுமாக
ஓர் இரும்புப் பிராணி
வாயால் தண்ணீர் ஊற்றுகிறது,
நாள் முழுக்க, மீட்டர் இல்லாமல்.
மூன்று பாட்டில் பிடித்தார்.
முகம் கழுவினார்.
பிறகு அதன் தலையை ஒரு தடவை
தட்டிக்கொடுத்ததை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

சிவப்புக்கல் தேவாலயத்தின் பின்னால்
படி இறங்கினால் ரைன்.
ஒரு மரப்படகு. மோட்டார் கிடையாது.
ஆற்றுக்கு மேலே கட்டிய கம்பியில் ஒரு கயிறு.
இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும் தண்ணீரையே
அக்கரைக்குத் தள்ளவைக்கும் தந்திரம்.

தலைக்கு இரண்டு பிராங்க்.
அவர் உதடு அசைந்தது.
"நீ போ. நான் பாலத்துல சுத்தி வந்துடறேன்.
எனக்குப் படகு ஒத்துக்காது."

இருபத்தைந்து வருடத்தில்
அவருக்கு ஒத்துக்கொள்ளாதவை எல்லாம்
ஒன்றே ஒன்று மிஞ்சும்போதுதான் தெரியவரும்:
கடைசி மைசூர்பாகு,
பஸ்ஸில் ஜன்னலோரம்,
ஒன்றரை ஆள் கட்டிலில் ஒற்றைப் போர்வை.

படகோட்டிப் பெண் கை நீட்டினாள்.
பழக்கத்தில் இரண்டு காசு வைத்தேன்.
பக்கத்துக் காலிப் பலகையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
ஒன்றைத் திருப்பித் தந்தாள்.

நடு ஆற்றில் திரும்பினேன்.
பாலத்தின்மேல்
ஒரு ஜவுளிக்கடைப் பை
ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தது.
கையாட்டினேன்.
அவரும் ஆட்டினார்,
வேறெதோ படகைப் பார்த்து.
அதிலிருந்து யாரோ நாலு பேர்
அவருக்குத் திருப்பி ஆட்டினார்கள்.
சிரிப்பு வந்தது.
அப்புறம் வேறு ஏதோ வந்தது.
படகோட்டி கயிற்றைப் பார்க்கத் தொடங்கினாள்.

அக்கரையில் அவர் இல்லை.
பத்து நிமிடம். பதினைந்து.
ரோமிங் போடாத போனை
எடுத்துப் பார்த்தேன், மணி பார்க்க மட்டும்.
வந்தார்.
வலது ஷூவின் அடி வாய் பிளந்து
எட்டுக்கு எட்டு பட் பட்டென்று அடிக்க.
"எப்படி இருந்தது?"
"நல்லா இருந்தது. உங்களுக்கு?"
"நல்ல பாலம்."

பசை ஆறு தொண்ணூறு.
வேண்டாம் என்றார், வாங்கிவிட்டேன்.
கீழே கறி வேகும் வாசனையில்
அவர் தூங்கிய பிறகு நோட்டைத் திறந்தேன்.

படகு 2
பாலம் 0
பசை 6.90

பூஜ்யத்தை அடித்துவிட்டு
ஆறு தொண்ணூறை அங்கே ஏற்றினேன்.
காலையில் பார்த்தார்.
கூட்டல் சரியா என்று மட்டும் சரிபார்த்தார்.
ஷூவைத் தரையில் தட்டினார், சத்தம் இல்லை.
பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்:
"அந்தப் படகு எத்தனை மணி வரைக்கும் ஓடுது?"

திருப்பித் தந்த காசு
என் பர்ஸில் இருப்பதை
நான் இன்னும் கணக்கில் சொல்லவில்லை.